குதிகால் உயர்ந்தால் முழங்கால் என்ன செய்யும்?

எமரால்டு என்றதும் மரகதக் கல் நினைவுக்கு வரும். நீலகிரியில் அது ஓர் ஊரின் பெயர். குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்த நீர்த்தேக்கம் ஒன்றின் பெயருமாகும். பக்கத்து நீர்த்தேக்கத்துக்கு அவலாஞ்சி என்று பெயர். அந்தச் சொல்லை ஆங்கில அகராதியில் தேடினால் 'பனிச்சரிவு' என்ற பொருள் கிடைக்கும். அங்கே பனிமலை ஏதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதியில் ஏற்பட்ட பெரியதொரு நிலச்சரிவே இந்தப் பெயருக்குக் காரணம். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் புல்வெளிமீது உறைபனி வெள்ளையாகப் படியும். வெயில் ஏறியதும் அதுவும் மறைந்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து பனிச்சறுக்கைப் பற்றிப் பேசத் தொடங்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பனிச்சறுக்கில் பனியைவிட முக்கியமானது சரிவு. சரிவு என்றால் என்னவென்று எமரால்டு மக்களின் கால்களுக்கு நன்றாகத் தெரியும். தேயிலைத் தோட்டத்துக்கும் உருளைக்கிழங்குப் பாத்திக்கும் தினமும் ஏறி இறங்குபவர்கள் அவர்கள். ஆகவே முதலில் அவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு பனிக்குப் போவோம்.

சரிவில் நிற்பது

ஒருவர் விழாமல் நிற்க வேண்டுமானால், அவருடைய ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி இறக்கிய நிலைக்குத்துக் கோடு பாதங்கள் அடைத்திருக்கும் பரப்புக்குள் விழ வேண்டும். இது நீங்கள் பாடத்தில் படித்ததுதான். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். சாதாரணமாக நிற்கும்போது அந்தக் கோடு கணுக்காலுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது.

20 டிகிரி சாய்வான தோட்டச் சரிவில் ஒரு பெண் கீழ்நோக்கிப் பார்த்து நிற்கிறார் என்று கொள்வோம். அவருடைய பாதம் 24 சென்டிமீட்டர் நீளம். கணக்குப் போட்டுப் பார்த்தால் குதிகால் விரல்நுனியைவிட 8 சென்டிமீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கும். அதாவது, பட்டணத்துக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களே, அந்தக் குதியுயர்ந்த செருப்பை வெறுங்காலிலேயே அவர் அணிந்துகொண்டதற்குச் சமம்! ஆயினும் அவர் முன்னால் கவிழ்ந்துவிடுவதில்லை. கணுக்கால் அந்த 20 டிகிரியையும் வாங்கிக்கொள்கிறது. பாதம் சரிவோடு சாய்கிறது. முழங்காலும் இடுப்பும் முதுகும் சமதளத்தில் இருந்தது போலவே நிமிர்ந்து நிற்கின்றன.

திரும்பி மேல்நோக்கி நின்றால் நிலைமை வேறு. பாதத்தைக் கீழ்நோக்கி நீட்ட நம்மால் 50 டிகிரி வரைகூட முடியும். மேல்நோக்கி மடக்க 20 டிகிரிக்கு அப்பால் பெரும்பாலோருக்கு முடியாது. அதனால்தான் செங்குத்தான ஏற்றத்தில் நேராக ஏறுவதைத் தவிர்த்துக் குறுக்கும் மறுக்குமாகப் பாதை போடுகிறார்கள். மூட்டை சுமப்பவர் அகலப் பாதங்களைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து ஏறுவதும் இதற்காகத்தான்.

கணுக்காலின் இந்த உதவியை மலை ரயிலிலும் சோதித்துப் பார்க்கலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பற்சக்கரத்தின் உதவியோடு வண்டி ஏறுகிறது. அங்கே மிகச் செங்குத்தான இடத்தில் சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். கோணத்தில் சொன்னால் ஏறத்தாழ 4.6 டிகிரி. பெட்டியின் தரையும் அவ்வளவு சாய்ந்திருக்கும். கீழ்ப்பக்கம் பார்த்து நின்றால் உங்கள் குதிகால் உயர்ந்திருக்கிறது என்பதே தெரியாது. கணுக்கால் சத்தமில்லாமல் சரிசெய்துவிடும். ஆனால் உங்கள் கணுக்கால் அசையாதபடி மாவுக்கட்டுப் போட்டிருந்தால்? உடல் முழுவதும் ஒரு கம்பம் போல 4.6 டிகிரி முன்னால் சாயும். ஈர்ப்பு மையம் 7 சென்டிமீட்டருக்கு மேல் முன்னேறி, நிலைக்குத்துக் கோடு விரல்களின் அடி மூட்டுக்கே வந்துவிடும்.

பனிச்சறுக்கு வீரரின் நிலை இதுதான். அவர் கணுக்காலுக்கு மாவுக்கட்டுக்குப் பதிலாகப் பூட்ஸ்.

காலைப் பலகையோடு பிணைப்பது

பனிச்சறுக்குப் பலகையை ஸ்கீ என்கிறோம். ஆள் உயரம் நீளமும் ஒரு சாண் அகலம்கூட இல்லாத நடுப்பகுதியும் கொண்ட வளையும் பலகை அது. முற்காலத்தில் காலின் முன்பகுதியை மட்டும் ஒரு வாரால் கட்டிக்கொண்டார்கள். நார்வே நாட்டு மோர்கெடால் என்ற ஊரைச் சேர்ந்த சோன்ட்ரே நார்ஹைம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், முறுக்கிய குச்சிகளைக் குதிகாலைச் சுற்றி வரும்படி அமைத்துக் கட்டினார். அதன்பின்தான் திருப்பமும் தாவலும் கட்டுக்குள் வந்தன. பின்னர் குதிகாலையும் பலகையோடு இறுக்கும் முறை வந்தது. கட்டுப்பாடு கூடியது, கால் முறிவதும் கூடியது. விழும்போது பலகை திருகினால் எலும்பும் அதோடு திருக வேண்டியதாயிற்று. 1937-ஆம் ஆண்டில் கால் முறிந்த யால்மர் வாம் என்ற நார்வேயில் பிறந்த அமெரிக்க வீரர், திருகு விசை அளவு மீறினால் தானே கழன்றுகொள்ளும் பிணைப்பு ஒன்றை வடிவமைத்தார். இன்றைய பிணைப்புகள் எல்லாம் அந்த எண்ணத்தின் வாரிசுகளே.

இந்தப் பிணைப்பைப் 'பைண்டிங்' என்கிறார்கள். இதில் இரு துண்டுகள் உண்டு. ஒன்று பூட்ஸின் முனையைப் பிடிக்கிறது, மற்றொன்று குதியைப் பிடிக்கிறது. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல பைண்டிங்குகளில் குதிப்பக்கம் சில மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். இவ்வாறு பூட்ஸ் முன்னோக்கிச் சாய்ந்து அமரும் கோணத்தைத்தான் சாய்வுக் கோணம் என்கிறோம். பூட்ஸுக்குள்ளும் பாதம் வைக்கும் பலகை 4, 5 டிகிரி சாய்ந்திருப்பது வழக்கம். பூட்ஸின் மேற்பகுதி கெண்டைக்காலைச் சுமார் 12 முதல் 15 டிகிரி முன்னோக்கிச் சாய்த்துப் பிடிக்கும். அவையெல்லாம் பூட்ஸ் செய்பவர் யோசித்து வைத்தவை. பைண்டிங் தரும் சாய்வு அதன் மேல் வந்து சேர்வது. பூட்ஸ் ஒரு தொழிற்சாலை, பைண்டிங் வேறொரு தொழிற்சாலை. இரண்டையும் சேர்த்து அணிபவர் உடலில்தான் கூட்டல் நடக்கிறது.

ஒரு டிகிரி என்பது எவ்வளவு?

30 சென்டிமீட்டர் நீளமுள்ள அடிப்பாகத்தில் ஒரு முனை 5 மில்லிமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 1 டிகிரி சாய்வு வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீட்டர் என்பது இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கினால் வரும் தடிமன் அளவுதான். இதற்கா இத்தனை பேச்சு என்று கேட்பீர்கள்.

கணுக்கால் பூட்டப்பட்டிருக்கும்போது 1 டிகிரி சாய்வு, 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் ஈர்ப்பு மையத்தைச் சுமார் 1.6 சென்டிமீட்டர் முன்னே தள்ளுகிறது. கணுக்காலிலிருந்து விரல்மூட்டு வரையுள்ள தூரமே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். அதில் ஒன்றரை சென்டிமீட்டர் என்பது அற்பமன்று.

ஸ்கீயின் நீளம் 160, 170 சென்டிமீட்டர் இருப்பதால் அவர் கவிழ்ந்து விழமாட்டார் என்பது உண்மையே. ஆனால் எடை பலகையின் எந்த இடத்தில் அழுந்துகிறது என்பது மாறிவிடுகிறது. ஸ்கீயின் பக்க விளிம்புகள் நேர்க்கோடுகள் அல்ல; நடுவில் குறுகி இரு முனைகளிலும் அகன்ற வில் போன்றவை. பலகையைப் பக்கவாட்டில் சாய்த்தால் அந்த வில்லின் விளிம்பு பனியைக் கடித்துக்கொண்டு வளைந்த பாதையில் செல்கிறது. எடை சற்று முன்னால் இருந்தால் முன்பகுதி முதலில் கடிக்கிறது. திருப்பம் உடனே தொடங்குகிறது. அளவு மீறினால் முன்பகுதி அதிகமாகப் பற்றிக்கொள்ள, வால் வழுக்கிக்கொண்டு போய்விடும். எடை பின்னால் போனாலோ முன்பகுதி பனியைத் தொட்டும் தொடாமலும் அலையும். திருப்பச் சொன்னால் பலகை கேட்காது.

சறுக்குபவருக்குத் தரை எது?

இங்கே நல்ல மாணவர் ஒருவர் குறுக்கிட வேண்டும். "மலையே 20 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதில் பைண்டிங்கின் 1 டிகிரி எந்த மூலைக்கு?" நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லத்தான் இயற்பியல் வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் நிற்பவர் அசையாமல் நிற்கிறார். உராய்வு அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. அவருடைய உடல் நிலைக்குத்தாக இருக்க வேண்டும். உராய்வே இல்லாத சரிவில் தன்போக்கில் வழுக்கிச் செல்லும் ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் கூரையிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று தொங்குகிறது. எடையைச் சரிவை ஒட்டிய கூறு, சரிவுக்குச் செங்குத்தான கூறு என இரண்டாகப் பிரிக்கலாம். சரிவை ஒட்டிய கூறு முழுவதும் பெட்டியையும் குண்டையும் ஒன்றுபோல முடுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. நூலை இழுத்துப் பிடிக்க மிச்சம் இருப்பது செங்குத்தான கூறு மட்டுமே. எனவே நூல் நிலைக்குத்தாகத் தொங்காது. சரிவான தரைக்குச் செங்குத்தாக நிற்கும்! பெட்டிக்குள் இருப்பவருக்குத் தரை சமதளமாகவே தோன்றும். எடை மட்டும் கொஞ்சம் குறைந்தது போலிருக்கும்.

பனியில் உராய்வு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. மெழுகு பூசிய ஸ்கீக்கும் பனிக்கும் இடையே உராய்வுக் குணகம், பனியின் தன்மையைப் பொறுத்து, 0.02 முதல் 0.1 வரை இருக்கும். 0.05 என்று எடுத்துக்கொண்டால் தூக்குக்குண்டின் நூல் செங்குத்திலிருந்து சுமார் 3 டிகிரி விலகும். பாடப்புத்தகத்தில் வரும் உராய்வுக் கோணம் இதுவேதான். இதில் அழகு என்னவென்றால், மலை 10 டிகிரி சாய்ந்திருந்தாலும் 30 டிகிரி சாய்ந்திருந்தாலும் இந்த 3 டிகிரி மாறுவதில்லை. வேகம் கூடிக் காற்றுத் தடை வந்தாலும் பெரிய மாற்றமில்லை. அத்தடை உடல் முழுவதையும் ஏறத்தாழ ஈர்ப்பு மையத்தின் மட்டத்திலேயே பின்னோக்கித் தள்ளுவதால், பாதங்களைச் சுற்றி உடலைக் கவிழ்க்கும் வேலையை அது அவ்வளவாகச் செய்வதில்லை.

ஆகவே சறுக்கிச் செல்பவருக்கு ஸ்கீயின் முதுகே சமதளத் தரை. மலையின் 20 டிகிரி அவர் கணக்கிலிருந்து ஏறக்குறைய கழிந்துபோகிறது. கழியாமல் எஞ்சி நிற்பது உராய்வின் 2, 3 டிகிரியும் பைண்டிங்கின் 1 டிகிரியும்தான். இப்போது அந்த ஒன்று எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

புதிதாகக் கற்பவர் படும் பாட்டுக்கும் இதுவே விளக்கம். அவர் ஸ்கீ முனைகளைச் சேர்த்து, பனியை உழுதபடி மெதுவாக, ஒரே வேகத்தில் இறங்கப் பழகுகிறார். அப்போது பனியின் தடையே அவரைப் பிடித்திருப்பதால், தோட்டத்தில் நிற்பவரைப் போல நிலைக்குத்தாக நிற்பது சரி. பலகையை நேராக விட்டு ஓடத் தொடங்கிய கணத்தில் உடலை மலையின் சாய்வளவுக்கு முன்னே கொண்டுபோக வேண்டும். பள்ளத்தை நோக்கி உடலைச் சாய்ப்பதா? மனம் ஒப்பாது. பயத்தில் பின்னால் சாய்கிறார். பலகை முன்னால் ஓடிவிடுகிறது. பிட்டம் பனியில் படுகிறது.

தோப்புக்கரணச் சோதனை

பனியும் பூட்ஸும் இல்லாமலேயே சாய்வுக் கோணத்தின் வேலையை வீட்டில் பார்க்கலாம். கணுக்கால் பூட்டப்பட்ட நிலை ஒன்று வேண்டும், அவ்வளவுதான். நமக்குக் குந்தி உட்காரத் தெரியும். பாதம் முழுவதும் தரையில் படிய, தோப்புக்கரணம் போடும்போது அடிவரை இறங்கி உட்காருங்கள். இப்போது கணுக்கால் தன் எல்லைவரை மடிந்துவிட்டது, அதற்குமேல் மடியாது. பூட்ஸ் செய்வதும் இதே காரியம்தான்.

அடுத்து, இரு குதிகால்களுக்கும் கீழே ஓர் அங்குலத் தடிமனுள்ள பலகையை வைத்து மீண்டும் குந்துங்கள். முழங்கால்கள் முன்னே போகும், முதுகு நிமிரும், உட்காருவது எளிதாகும். பிறகு பலகையை விரல்களுக்குக் கீழே மாற்றி வைத்து முயலுங்கள். கைகள் தாமாகவே முன்னே நீளும், முதுகு வளையும், பலர் பின்னால் சாய்ந்து விழுவார்கள். பின்புறம் ஒரு தலையணையைப் போட்டுக்கொள்வது நல்லது. பாதத்தின் சாய்வு ஒன்றை மாற்றினால் கெண்டைக்கால், தொடை, முதுகு மூன்றும் இடம் மாறுகின்றன என்பதைக் கண்ணால் காணலாம். கணுக்கால் விறைப்பானவருக்குக் குதிப் பலகை பெரிய வரமாக இருக்கும். நன்கு மடிபவருக்கு அது தேவையே இல்லை. எல்லோருக்கும் ஏற்ற ஒரே சாய்வுக் கோணம் என்று ஒன்று இல்லாததற்குக் காரணம் இதுவே.

இனித்தான் விசித்திரமான பகுதி வருகிறது. குதிகால் உயர உயர எடை முன்னால் போக வேண்டும் அல்லவா? ஓரளவு வரை அப்படித்தான். சாய்வு அளவுக்கு மீறினால் வீரரின் எடை பின்னால் போய்விடுவதைப் பயிற்சியாளர்கள் பார்க்கிறார்கள். பூட்ஸோடு கெண்டைக்காலும் முன்னே சாய்ந்து முழங்கால் முன்னே தள்ளப்படுகிறது. முன்னால் விழுந்துவிடுவோம் என்று உடல் உணர்ந்ததும், அதை ஈடுகட்ட இடுப்பைப் பின்னுக்கு இழுக்கிறது. முடிவில் அவர் கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்கார்ந்தது போலாகிறார். தொடைத் தசைதான் அந்த நாற்காலி. முழங்காலிலிருந்து உடல் எடையின் கோடு எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு திருப்புத்திறனைத் தொடைத் தசை தாங்க வேண்டும். அந்த விலக்கம், உதாரணமாக, 8 சென்டிமீட்டரிலிருந்து 10 ஆனால் சுமை கால் பங்கு கூடிவிடும். பாதி மலை இறங்குவதற்குள் தொடை எரியத் தொடங்கும்.

இந்த இடத்தில் பயிற்சியாளர், "பின்னால் உட்காராதே, முன்னால் வா!" என்று கத்துவார். மாணவரும் முழங்காலை இன்னும் மடக்குவார். இடுப்பு இன்னும் பின்னால் போகும். குறை எங்கே இருக்கிறது? கற்பவரின் துணிவிலா, பூட்ஸின் அடியிலுள்ள நாலைந்து மில்லிமீட்டரிலா? அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. அளப்பதற்கு ஓர் அளவுகோல் போதும். அதை எடுக்காமல் ஆளைக் குறை சொல்வதை எந்தப் பயிற்சியிலும் நான் ஏற்கமாட்டேன்.

இதில் சிறிய பாதம் உடையவருக்குத்தான் அதிகத் துன்பம். பைண்டிங்கின் உயர வேறுபாடு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 335 மில்லிமீட்டர் நீளப் பூட்ஸ் அணிந்த ஆடவருக்கு அது 0.86 டிகிரி. 265 மில்லிமீட்டர் பூட்ஸ் அணிந்த பெண்ணுக்கு அதே பைண்டிங் 1.08 டிகிரி. கருவி ஒன்றே, கோணம் வேறு. பெரிய பாதத்தில் சோதித்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிய பைண்டிங், சிறிய பாதத்துக்கும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

எடை எங்கே விழுகிறது?

ஈர்ப்பு மையத்தை அளக்கும் முறை பழையது. இத்தாலியரான பொரெல்லி, 1680-இல் வெளிவந்த தம் நூலில், ஆளைப் பலகையில் படுக்க வைத்துக் கத்திமுனை போன்ற தாங்கியின்மேல் சமன்செய்து ஈர்ப்பு மையத்தைக் காணும் முறையை விளக்கினார். உங்கள் பள்ளியில் இரண்டு எடை பார்க்கும் இயந்திரங்கள் கிடைத்தால் போதும். தாங்கும் இடங்கள் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் அமையும்படி ஒரு பலகையை அவற்றின்மேல் வையுங்கள். பலகையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். 50 கிலோ எடையுள்ள மாணவர் அதன்மேல் நிற்கும்போது பின் இயந்திரம் 30, முன் இயந்திரம் 20 காட்டினால், எடைக் கோடு பின் தாங்கியிலிருந்து 12 சென்டிமீட்டரில் விழுகிறது. இப்போது பின் தாங்கியின்கீழ் ஒரு சென்டிமீட்டர் அட்டை வையுங்கள். எண்கள் அதிகம் மாறாமல் இருக்கக்கூடும். கணுக்கால் வேலை செய்துவிட்டது! அதே மாணவரை முழங்காலை மடக்கி, குதிகால் எழாமல், முடிந்த மட்டும் இறங்கச் சொல்லி மறுபடி பாருங்கள். பக்கவாட்டில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, முழங்காலும் இடுப்பும் நூலிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம்.

பந்தய வீரர்களும் இதைவிடப் பெரிய வித்தை எதுவும் செய்வதில்லை. முனைப்பக்கத்தின் கீழோ குதிப்பக்கத்தின் கீழோ ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தகடு வைத்து, ஒரே சரிவில் பலமுறை இறங்கிப் பார்த்து, தமக்குரிய அளவைக் கண்டுகொள்கிறார்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்ற ஆய்வுக்கூட விதி அங்கேயும் உண்டு. தகடு வைத்தால் திருகாணியின் நீளமும் மாற வேண்டும். விழும்போது கழலும் பொறிக்கும் ஊறு வரக்கூடாது. ஆகையால் தெரிந்த தொழிலாளரிடமே அந்த வேலையை விடுவார்கள்.

நம் நாட்டில் இந்த விளையாட்டுக்கு இடம் காஷ்மீரத்துக் குல்மார்க்கும் உத்தரகண்டத்து அவுலியும். குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலில் கலந்துகொண்டது 1964-இல், இன்ஸ்புரூக்கில். போலந்தில் பிறந்த ஜெரமி புஜகோவ்ஸ்கி என்ற ஒருவர் மட்டும் இந்தியாவின் பெயரில் இறங்கினார். 2022-இல் பெய்ஜிங்குக்கும் ஒருவரே சென்றார். குல்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான் அவர். நீள் திருப்பப் பந்தயத்தில் 45-ஆவதாக வந்தார். குறுந்திருப்பப் பந்தயத்தில் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. கொடிக் கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பந்தயங்களில் ஒவ்வொரு திருப்பத்திலும் எடை முன்னும் பின்னும் நகர்ந்து சரியான கணத்தில் சரியான இடத்தில் அழுந்த வேண்டும்.

குல்மார்க்கில் கம்பிவழி ஊர்தியில் ஏறாமல், ஸ்கீயோடு நடந்தே மலையேறி இறங்குவோரும் உண்டு. அவர்களுடைய பைண்டிங்கில் பூட்ஸின் முனையை இரு ஊசிகள் பிடித்துக்கொள்ளும். ஏறும்போது குதிகால் விடுபட்டு மேலெழும். இவ்வகையில் இறங்கும்போதுள்ள உயர வேறுபாடே 10 மில்லிமீட்டரைத் தாண்டுவதுண்டு. ஏற்றத்துக்கென்று குதியின்கீழ் மடக்கி நிமிர்த்தும் சிறு தாங்கி ஒன்றும் இருக்கும். செங்குத்தான இடம் வந்ததும் அதை நிமிர்த்திவிட்டால் குதிகால் சில சென்டிமீட்டர் உயரத்தில் இளைப்பாறும். ஸ்கீ மலையோடு சாய்ந்திருந்தாலும் பாதம் ஏறத்தாழ மட்டமாக இருக்கும். எமரால்டுச் சரிவில் ஏறுபவர் ஒரு கல்லில் குதியை ஊன்றிக்கொள்வாரே, அந்தக் கல்லைக் கையோடு கொண்டுபோவது போல. உச்சியை அடைந்ததும் கைத்தடியின் முனையால் அந்தத் தாங்கியைத் தட்டி மடக்கிவிட்டு, குதியைப் பூட்டிக்கொண்டு இறங்குவார்கள்.